தெருக்கடையில் எப்போது அடுப்பு எரிகிறது? வெளிநாட்டு நகரங்களில் முதன்முறை சாப்பிடப் போகிறவர்களுக்கு

தெருச்சாப்பாட்டுக்காகவே ஒரு நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு கடைப்பெயர்ப் பட்டியலோடு போய் இறங்குகிறார்கள். போய் நிற்கும்போது அந்தப் பட்டியலில் பாதி பூட்டிக் கிடக்கும். ஹனோயில் காலை பதினொரு மணிக்கு ஃபோ (எலும்புச் சாறில் அரிசி நூடுல்ஸ்) தேடிப் போனால், நல்ல காலைக் கடைகளில் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். மெக்சிகோ நகரில் காலை எட்டு மணிக்கு அல் பாஸ்தோர் டாக்கோ (கம்பியில் சுட்ட இறைச்சியை மக்காச்சோள ரொட்டியில் வைத்துத் தருவது) கேட்டால் கம்பியில் இறைச்சியே ஏறியிருக்காது. பாங்காக்கில் திங்கட்கிழமை இறங்கியவருக்குப் பல தெருக்களில் வெறும் நடைபாதைதான் கிடைக்கும். ருசி ஏமாற்றுவதும் வயிறு கெடுவதும் பல நேரம் நேரம் தவறிப் போவதால்தான். ஆறிய சாப்பாட்டைச் சாப்பிட்டு, கடை சரியில்லை என்று சொல்லிவிட்டு வருகிறோம். கீழே உள்ள படிகளைக் கடிகாரத்தை வைத்தே பார்த்துக்கொண்டு போங்கள்.

1. கிளம்புவதற்கு நாலு வாரம் முன்பு: ஊசி, காப்பீடு, மருந்துப் பை

உணவு, தண்ணீர் வழியாகப் பரவும் நோய்களில் இரண்டுக்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது: ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு. டைஃபாய்டு ஊசி வேலை செய்ய குறைந்தது 2 வாரம் வேண்டும். ஹெபடைடிஸ் ஏ ஊசியில் முதல் தவணை பயணத்துக்குப் போதும். இரண்டாவது தவணையை 6 மாதம் கழித்துப் போட்டால் பல்லாண்டுப் பாதுகாப்பு. சின்ன வயதிலேயே இந்த மஞ்சள்காமாலை வந்துபோனவர்களுக்கு ஊசியே தேவைப்படாமல் இருக்கலாம். மருத்துவரிடம் சொன்னால் ரத்தப் பரிசோதனையில் பார்த்துச் சொல்வார். விமானம் ஏறுவதற்கு மூன்று நாள் முன்பு போய் நின்றால் ஊசி போடுவார்கள், ஆனால் போய் இறங்கிச் சாப்பிடத் தொடங்கும் அந்த முதல் வாரத்தில் அது முழுதாகக் கைகொடுக்காது.

பயணக் காப்பீட்டில் எல்லோரும் பார்ப்பது மொத்தத் தொகையை. தெருவில் சாப்பிடப் போகிறவர் பார்க்க வேண்டியது ‘டிடக்டிபிள்’ என்ற வரியை. அந்தத் தொகை வரை நீங்களே கட்ட வேண்டும், அதற்கு மேல்தான் நிறுவனம் தரும். வயிற்றுப்போக்குக்காகப் போகும் சாதாரண கிளினிக் செலவு பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே முடிந்துவிடும். ‘வெளிநோயாளி சிகிச்சை உண்டா’ என்பதையும் பாருங்கள். ஏற்கெனவே உணவு ஒவ்வாமை இருந்தால் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் பின்னால் பணம் கேட்கும்போது அதையே காரணம் காட்டுவார்கள். உதவி எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் நகலோடு வையுங்கள்.

மருந்துப் பையில் வேண்டியவை: ஓ.ஆர்.எஸ் பொட்டலம் ஆறு, பாராசிட்டமால், வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பரமைட் ஒரு அட்டை, 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள கைத்திரவம், ஒரு சின்ன சோப்பு. சோப்பு எதற்கு என்றால், வாந்தி பேதி கிளப்பும் நோரோ வைரஸை ஆல்கஹால் சரியாகக் கொல்வதில்லை. தேய்த்துக் கழுவினால்தான் போகும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாதீர்கள். மருத்துவர் சீட்டோடு, அட்டையோடு இருக்கட்டும். கோடீன் கலந்த இருமல், வலி மருந்துகளுக்கு சிங்கப்பூர், ஜப்பான், ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு. வீட்டில் கிடந்த பழைய இருமல் மருந்தைப் பழக்கத்தில் பையில் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

2. சாப்பிடக் கூடாததை அந்த ஊர் எழுத்தில் எழுதி வாங்குங்கள்

சைவம் சாப்பிடுகிறவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லுக்கு எல்லா ஊரிலும் ஒரே பொருள் கிடையாது.

தாய்லாந்தில் ‘மங்சவிரத்’ என்றால் இறைச்சி இல்லை என்பது மட்டும்தான். முட்டை இருக்கலாம், மீன் சாஸான ‘நாம் ப்லா’வும் விழுந்துவிடலாம். ‘ஜே’ என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்துப் போட்டிருக்கும் கடைகள் அவை. முட்டை, பால், மீன் சாஸ் எதுவும் கிடையாது, பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் சைவத் திருவிழா வரும். அப்போது அந்தக் கொடிகள் தெருவெங்கும் பறக்கும். சைவர்கள் தாய்லாந்துப் பயணத்தை அதற்கேற்ப மாற்றினால்கூடத் தப்பில்லை.

வியட்நாமில் கேட்க வேண்டிய சொல் ‘சாய்’. அவர்களின் சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால், அன்று ‘சாய்’ உணவு எளிதாகக் கிடைக்கும். மெக்சிகோவில் ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம், என்றால் கோழி வந்து நிற்கும். ‘கார்னே’ என்றால் அங்கே பேச்சுவழக்கில் மாட்டிறைச்சி மாதிரியானவைதான். அதைவிட ஒளிந்திருப்பது ‘மான்தேகா’ என்ற பன்றிக் கொழுப்பு. வேகவைத்து மசித்த பீன்ஸிலும் தமாலே எனும் மக்காச்சோளக் கொழுக்கட்டை மாவிலும் அது சர்வசாதாரணம். ஜப்பானில் காய்கறிச் சூப்பே ஆனாலும் அடியில் இருப்பது ‘தாஷி’, உலர்ந்த மீன் சீவலில் இறக்கிய சாறு. மலேசியா, இந்தோனேசியா பக்கம் கீரை வதக்கலில்கூட இறால் விழுது இருக்கும்.

சைவர்களுக்குக் கவலையே இல்லாத ஊர் கெய்ரோ. கொஷாரி (சோறு, பயறு, மக்ரோனி, தக்காளிச் சாறு, பொரித்த வெங்காயம்), பூல் எனும் மசித்த மொச்சை, அதே மொச்சையில் பொரிக்கும் தஅமேயா என மூன்றும் தெருவின் அன்றாடச் சாப்பாடு. இஸ்தான்புல்லில் ‘சீ கோஃப்தே’ என்ற பெயரைக் கேட்டால் பச்சை இறைச்சி உருண்டை என்று பொருள் வரும். இன்று கடைகளில் விற்பது உடைத்த கோதுமையைக் காரத்தோடு பிசைந்து, எலுமிச்சை பிழிந்து தருவது. ‘எத்சிஸ்’, அதாவது இறைச்சியில்லாதது, என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டால் போதும்.

சீட்டு எழுதும் விதம்: ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்தில், ஐந்து வரிக்குள். ‘நான் சைவம்’ என்று தொடங்காதீர்கள். எவையெவை வேண்டாம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்: இறைச்சி, கோழி, மீன், மீன் சாஸ், இறால் விழுது, எலும்புச் சாறு. மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதியதை அந்த மொழி தெரிந்த ஒருவர், விடுதி வரவேற்பில் இருப்பவர் போதும், ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். நிலக்கடலை, எள், ஓட்டுமீன் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களுக்குச் சீட்டு மட்டும் காப்பாகாது. ஒரே வாணலி, ஒரே எண்ணெய், ஒரே கரண்டிதான் எல்லாவற்றுக்கும். அப்படிப்பட்டவர்கள் ஒரே பண்டம் மட்டும் செய்யும் கடைகளோடு நின்றுகொள்வது நல்லது. அட்ரினலின் ஊசியை விடுதி அறையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

3. ஊருக்கு ஒரு நேர அட்டவணை போடுங்கள்

ஒரு நாளை நாலாகப் பிரியுங்கள்: காலை 6 முதல் 9, பகல் 11 முதல் 2, மாலை 5 முதல் 8, இரவு 9க்கு மேல். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஊரார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். கடைப்பெயர் பிறகு.

ஹனோய்: காலையில் ஃபோ. இரவெல்லாம் கொதித்த எலும்புச் சாறு தீரும்வரை கடை, தீர்ந்தால் மூடல். பகலில் பூன் சா, அதாவது கரியில் சுட்ட பன்றி இறைச்சியும் அரிசி நூலும். பன்னிரண்டு மணிக்குத் தெருவே புகையில் இருக்கும்.

மெக்சிகோ நகரம்: காலையில் தமாலேயும் மக்காச்சோளக் கஞ்சியான அத்தோலேயும். மதியம்வரை கார்னீத்தாஸ், அதாவது கொழுப்பில் மெதுவாக வேகவைத்த பன்றி இறைச்சி. பார்பக்கோவா என்ற ஆட்டிறைச்சி சனி, ஞாயிறு காலையில் தேட வேண்டியது. அல் பாஸ்தோர் இருட்டிய பிறகு. நேராக நிற்கும் கம்பியில் இறைச்சி அடுக்கி, தலையில் அன்னாசிப்பழம் வைத்துச் சுற்றுவார்கள்.

லிமா: எலுமிச்சையில் ஊறிய பச்சை மீனான செவீச்சே மதியச் சாப்பாடு. காலையில் வந்த மீன் அது. மாலையில் ஒருவர் அதை உங்களிடம் விற்க வந்தால், உள்ளூர்க்காரர் வாங்காததை உங்களுக்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையானதும் கரியடுப்பில் வாட்டும் மாட்டு இதயத் துண்டுகளுக்கு, அந்திகூச்சோவுக்கு, போங்கள்.

தைப்பே: இரவுச் சந்தைகள் மாலை 5 வாக்கில் தொடங்கி நள்ளிரவுவரை. ராவ்ஹே, நிங்சியா இரண்டும் ஒரே நேர்த்தெருவில் அடங்கிவிடுவதால் முதன்முறை போகிறவருக்கு எளிது. பெரிய ஷிலினில் வழி தொலையும். 5 மணிக்கே போனால் பாதிக் கடை அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும், 8 மணிக்கு நடக்க இடமிருக்காது. 6 மணி சரியான நேரம்.

மராகேஷ்: ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தில் உணவுக் கடைகளைப் பிற்பகலில்தான் கட்டத் தொடங்குவார்கள். பொழுது சாய்ந்த பிறகு போங்கள்.

ஃபுகுவோக்கா: யாதாய் எனும் இருக்கை வண்டிகள் மாலை 6க்கு மேல் நகாசு, தென்ஜின் பகுதிகளில் வரும். மழை கொட்டினால் வராது. ஒரே ஒரு இரவை மட்டும் அதற்கு ஒதுக்கியவர் மழையில் ஏமாறுவார். இரண்டு இரவு வையுங்கள்.

வார விடுமுறை ஒரு தனிப் பொறி. பாங்காக்கில் நடைபாதை துப்புரவுக்காகத் திங்களன்று பல தெருக்கடைகள் வருவதில்லை, சீனர் பகுதியான யாவரத் தெருவும் அன்று மெலிந்திருக்கும். சிங்கப்பூரில் ஹாக்கர் மையம் (பல சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின் கீழ்) திறந்திருக்கும், நீங்கள் தேடிப்போன கடை மட்டும் மூடியிருக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு விடுமுறை நாள். போதாக்குறைக்கு, மையத்தையே கழுவிவிட அவ்வப்போது சில நாள் மூடுவார்கள். அந்தத் தேதிகளை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், பார்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது ஆண்டு விடுமுறை. சந்திரப் புத்தாண்டில் ஹனோய், தைப்பே, சிங்கப்பூர் மூன்றிலும் நாள்கணக்கில் கடையடைப்பு. ஹனோயில் ‘தெத்’ ஒரு வாரம்கூட நீளும். ரமலான் மாதம் இதற்கு நேர்மாறு. கெய்ரோ, மராகேஷ் மாதிரி ஊர்களில் பகல் அடங்கியிருக்கும், சூரியன் மறைந்ததும் தெரு விழித்துக்கொள்ளும். கோலாலம்பூரில் அந்த மாதம் மட்டும் நடக்கும் ரமலான் சந்தைகள் பிற்பகல் நாலு மணி வாக்கில் களைகட்டும். நோன்பு திறக்கும் நேரத்துக்குள் நல்லது எல்லாம் தீர்ந்துவிடும்.

4. வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் நில்லுங்கள்

கடைக்கு எதிரே, வழியை மறைக்காமல் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். என்ன பார்ப்பது?

முதலில், அடுப்பிலிருந்து தட்டுக்கு வர எவ்வளவு நேரம். நீங்கள் கேட்ட பிறகு வாணலியில் விழுந்து, புகைந்து, அப்படியே தட்டில் வந்தால் அநேகமாகப் பயமில்லை. உணவின் உட்பகுதி 70 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பெரும்பாலான கிருமிகள் சாகும். 5 முதல் 60 டிகிரிவரை அவை பெருகும். சமைத்ததை வெளியே வைக்க இரண்டு மணி நேரம்தான் கெடு. தட்டில் குவித்து வைத்த பொரியலை ஒருமுறை எண்ணெயில் முக்கித் தருவதும், புதிதாகப் பொரிப்பதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டு நிமிடம் நின்றவருக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. அரிசியில் இருக்கும் பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போது சாகாது. சோறு வெளியே ஆறிக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே காலையில் வடித்துத் தெருவில் வைத்திருந்த சோற்றை இரவு பத்து மணிக்கு வறுத்துத் தருவது, எவ்வளவு புகை பறந்தாலும், ஆபத்துதான். சோறு எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள்: மூடிய சூடான பாத்திரமா, திறந்த கூடையா?

கம்பியில் சுற்றும் இறைச்சி (டோனர், ஷவர்மா, அல் பாஸ்தோர்) விஷயத்தில் கூட்டம்தான் காவல். வெளிப்பக்கம் வெந்த படலத்தை மட்டும் சீவி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டமில்லாத பிற்பகலில் நெருப்பைத் தணித்து, கம்பி பாதிச்சூட்டில் நிற்கும். அப்போது ஆள் வந்தால் வேகாத அடுக்கையும் சேர்த்துச் சீவுவார்கள். சீவல் ஓரம் முறுகியிருக்க வேண்டும். நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கல்லில் போட்டு வாட்டச் சொல்லுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள்.

பிறகு கைகள். காசு வாங்கும் கையும் உணவு தொடும் கையும் வேறாக இருந்தால் சிறப்பு. ஒரே ஆள் என்றால் இடுக்கியாவது வேண்டும். அந்த இடுக்கி பச்சை இறைச்சியையும் வெந்ததையும் மாறிமாறித் தொட்டால் இடத்தை விட்டு நகருங்கள். கையுறை போட்டிருப்பதை வைத்து மயங்க வேண்டாம், அதே கையுறையில் சில்லறையும் எண்ணுவார்கள். தட்டை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் பார்சலாகக் கேளுங்கள், அல்லது காகிதத்தில் சுற்றித் தரும் கடையைப் பாருங்கள்.

வரிசை நீளமாக இருப்பது மட்டும் அத்தாட்சி அல்ல. வரிசையில் நிற்பவர் யார்? சீருடையோடு, வேலை முடிந்து, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் நின்றால் அது தினசரிக் கடை. எல்லோர் கையிலும் கேமரா என்றால், ருசி இருக்கலாம், விலையும் காத்திருப்பும் இரட்டிப்பாகும். நியூயார்க்கில் தள்ளுவண்டிகளிலும் சுகாதாரத் துறை கொடுத்த ஏ, பி, சி எழுத்து ஒட்டியிருக்கும். அது ஒரு உதவி, நின்று பார்ப்பதற்கு மாற்று அல்ல.

5. தண்ணீர், ஐஸ், பச்சையாக வருபவை

பாட்டில் மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். தென்கிழக்கு ஆசியாவில் நடுவில் துளையுள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் இருந்து வருவது, பொதுவாக நம்பலாம். பெரிய கட்டியை உடைத்துத் தூளாக்கிய ஐஸ் எங்கே கிடந்து வந்தது என்று தெரியாது.

வெட்டி அடுக்கிய பழத்தை விட, கண்முன் தோல் சீவித் தருவதை வாங்குங்கள். வியட்நாமில் கூடை நிறைய வரும் பச்சிலைகளைக் கொதிக்கும் சாறில் அமுக்கிவிட்டுச் சாப்பிடலாம். ஓட்டுமீன்களில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். சிப்பி, மட்டி வகைகள் கடல்நீரை வடிகட்டி வாழ்பவை, நீரில் இருக்கும் வைரஸைத் தம்முள் சேர்த்துவைக்கும். லேசாக ஆவி காட்டினால் அது சாகாது.

இஸ்தான்புல்லின் மித்யே தொல்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புச் சிப்பிக்குள் மசாலாச் சோறு அடைத்து வட்டத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார். ஒரு ஓட்டைத் திருகிப் பிரித்து, அதே ஓட்டால் சோற்றை நெம்பி, எலுமிச்சை பிழிந்து கையில் கொடுப்பார். நீங்கள் விழுங்குவதற்குள் அடுத்தது தயார். ‘யெத்தெர்’ (போதும்) என்று சொல்லும்வரை வந்துகொண்டே இருக்கும், கடைசியில் காலி ஓடுகளை எண்ணிக் காசு. விலை ஓட்டின் அளவுக்கேற்ப மாறும், முதல் சிப்பிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கோடைப் பகலில் வெயிலில் நிற்கும் தட்டை விட்டுவிட்டு, ஐஸ் அல்லது குளிர்பெட்டியில் வைத்து, இரவில் வேகமாக விற்றுத் தீரும் இடத்தில் சாப்பிடுங்கள். இரண்டு சிப்பியில் நாற்றம் தெரிந்தால் மூன்றாவதைக் கையில் வாங்காதீர்கள்.

மெக்சிகோவில் மேசையில் இருக்கும் பச்சைச் சட்னி சிவப்பைவிடச் சாது என்று எண்ணிப் பலர் மாட்டுகிறார்கள். நிறத்தை நம்பாமல் ஒரு சொட்டு ருசி பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

6. ஆர்டர், இடம், காசு: ஊருக்கு ஊர் முறை வேறு

எப்போது காசு கொடுப்பது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூரில் கடையில் சொல்லும்போதே கொடுக்க வேண்டும். பினாங்கின் கூட்டுக்கடைகளில் மேசை எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் தட்டு வரும்போது கொடுப்பது வழக்கம். மேசையில் உட்கார்ந்தவர் பானக் கடையில் ஏதாவது ஒன்று வாங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. மெக்சிகோ டாக்கோ கடையில் நின்றே சாப்பிட்டு, கடைசியில் எத்தனை என்று நீங்கள் சொல்லிக் கொடுப்பது. ஒரே தடவையில் ஆறு கேட்காமல் இரண்டிரண்டாகக் கேளுங்கள், சூடு போகாது.

சிங்கப்பூரில் காலி மேசையில் ஒரு காகிதத் துண்டுப் பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம். எடுத்து ஓரம் வைத்துவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே திரும்ப வைக்க வேண்டும் என்பது 2021 முதல் சட்டம், மீறினால் அபராதம் உண்டு.

ஃபுகுவோக்கா யாதாயில் பத்துப் பேருக்குக் குறைவாகவே இடமிருக்கும். ஆளுக்கு ஒன்றாவது வாங்க வேண்டும், நாலு பேர் சேர்ந்து ஒரு ராமென் என்பது அங்கே செல்லாது. பெரிய பெட்டியோடு போகாதீர்கள், கழிவறை வண்டியில் கிடையாது, சாப்பிட்டானதும் எழுந்துவிடுவது மரியாதை. ஜப்பானில் நடந்துகொண்டே சாப்பிடுவதைப் பொதுவாக விரும்புவதில்லை, தெருவில் குப்பைத்தொட்டியும் அரிது. வாங்கிய கடை ஓரத்திலேயே நின்று தின்று, குச்சியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

மராகேஷில் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் மேசைக்கு வரும். அன்பளிப்பு என்று நினைத்துக் கை வைத்தால் கணக்கில் ஏறும். வேண்டாமென்றால் வந்தவுடனே திருப்பி அனுப்புங்கள், அரைமணி நேரம் கழித்து வாதாடிப் பயனில்லை.

கடலுணவில் பலகையில் எழுதிய விலை எதற்கு என்று பாருங்கள்: ஒரு தட்டுக்கா, 100 கிராமுக்கா? எடை போட்டு, மொத்தத் தொகையைக் கைபேசியில் அடித்துக் காட்டிய பிறகே அடுப்பில் போடச் சொல்லுங்கள். வெந்த மீனைத் திருப்பித் தர முடியாது.

வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இருட்டில், பசியில், ஒன்று என்று நினைத்து இன்னொன்றைக் கொடுத்தால் 25 மடங்கு. பெரிய நோட்டுகளைப் பணப்பையின் வேறு அறையில் வையுங்கள். தெருக்கடையில் பூஜ்யங்களைச் சத்தமாக எண்ணிக் கொடுத்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

7. செலவு

பாங்காக்கில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் ஏறக்குறைய 50 முதல் 80 பாட், சிங்கப்பூர் ஹாக்கர் மையத்தில் ஒரு தட்டு 4 முதல் 7 டாலர், மெக்சிகோ நகரத் தெருவில் ஒரு டாக்கோ 15 முதல் 30 பெசோ. சுற்றுலாத் தெருக்களில் இதற்கு மேல் போகும். தட்டு மலிவு என்பதால் செலவு குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். மாலையில் ஐந்து தட்டு, மூன்று பானம், இரண்டு டாக்சி சேர்ந்தால் நடுத்தர உணவகத்தின் கணக்கைத் தொட்டுவிடும். ஒரு மாலைக்கு ஒரு பகுதி, நடந்து போகும் தூரத்தில் நாலு கடை என்று வைத்தால் டாக்சி மிச்சம்.

தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம். நாலு தட்டு நூடுல்ஸ் காசு. மொத்தமாக எடுத்து, 1000 பாட் நோட்டைப் பெரிய கடையில் மாற்றிச் சில்லறையாக்கிவிடுங்கள். ஏடிஎம் திரையில் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் எப்போதும் உங்களுக்குப் பாதகம். க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறதே என்று காசில்லாமல் கிளம்ப வேண்டாம். அது பெரும்பாலும் உள்நாட்டு வங்கிக் கணக்குக்கானது. சீனாவில் மட்டும் நிலைமை வேறு: அலிபே, வீசாட் இரண்டிலும் வெளிநாட்டு அட்டையைச் சேர்க்கலாம், அதை ஊரிலேயே செய்து பார்த்துவிட்டுப் போங்கள்.

வழிகாட்டியோடு போகும் உணவுச் சுற்றுலா தேவையா? எழுத்தே படிக்கத் தெரியாத ஊரில் முதல் நாள் மாலைக்கு ஒன்று, அதுவும் எட்டுப் பேருக்கு மேற்படாத குழுவில், காசுக்குத் தகும். மற்ற நாட்களில் இரண்டு பேர் சேர்ந்து ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்தால் போதும். பாங்காக்கின் படகு நூடுல்ஸ் கிண்ணங்கள் கையளவே இருப்பதால் அங்கே மட்டும் பகிராமல் ஆளுக்கு நாலு.

முதல் இரண்டு நாள் கொதிக்கும் சாறு, கண்முன் வறுத்தது, சுட்டது என்று போங்கள். பச்சை மீன், சிப்பி, வெட்டிய பழம் மூன்றாம் நாளுக்கு மேல்.

8. வயிறு கெட்டால்

கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுவது வழக்கம், பெரும்பாலும் தப்பு. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குள் திடீர் வாந்தி என்றால் நஞ்சு. அப்போது கடைசிச் சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம். நோரோ வைரஸ் 12 முதல் 48 மணி நேரம் எடுக்கும். பயண வயிற்றுப்போக்குக்குக் காரணமான பாக்டீரியாக்களும் ஓரிரு நாள் எடுக்கலாம். கடந்த மூன்று நாளில் சாப்பிட்டதைக் கைபேசிப் படங்களை வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு ஓ.ஆர்.எஸ் பொட்டலத்தை அதன் மேல் போட்ட அளவு தண்ணீரில், பொதுவாக ஒரு லிட்டர், கரைத்துச் சின்னச் சின்ன மடக்காகக் குடியுங்கள். பாதி பொட்டலம் பாதி டம்ளர் என்று கண்ணளவில் கலக்காதீர்கள். பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. லோப்பரமைட் நீண்ட பேருந்துப் பயணத்துக்கு உதவும். மலத்தில் ரத்தமோ கடுங்காய்ச்சலோ இருந்தால் தொடவே கூடாது, சின்னப் பிள்ளைகளுக்கும் கூடாது. ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

ரத்தம், 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை: இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனை. குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றால் இவ்வளவுக்கும் காத்திருக்க வேண்டாம். உள்நோயாளியாகச் சேர்வதற்கு முன் காப்பீட்டு உதவி எண்ணுக்குப் பேசிவிடுங்கள். நோயின் பெயர் எழுதிய மருத்துவர் சீட்டு, கட்டண ரசீது, மருந்து ரசீது மூன்றையும் அன்றே படமெடுங்கள். வெப்பத்தாளில் அச்சடித்த ரசீது வெளுத்துப்போகும்.

ஊர் திரும்பியபின் வரும் காய்ச்சலையும் விட்டுவிடாதீர்கள். டைஃபாய்டு ஒரு மாதம்வரை, ஹெபடைடிஸ் ஏ 50 நாள்வரை கழித்துத் தலைகாட்டும். எந்தெந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.

9. பெட்டியில் கட்டிக்கொண்டு வருவது

ஒரே பயணத்தில் பல நாடு போகிறவர்களுக்குத்தான் இது முக்கியம். பாங்காக்கில் வாங்கிய பன்றி இறைச்சித் தின்பண்டத்தோடு தைப்பேயில் இறங்கினால், ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் தடுப்பு விதிப்படி முதல் தடவைக்கே 200,000 தைவான் டாலர் அபராதம் விழலாம். விமானத்தில் தந்த சாண்ட்விச்சைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கியவரும் இதில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள் எதுவும் கூடாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் வருகைப் படிவத்தில் உணவு என்று குறித்துவிட்டால் பெரும்பாலும் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். குறிக்காமல் பிடிபட்டால் நியூசிலாந்தில் அங்கேயே 400 டாலர்.

மிளகாய் விழுது, இறால் விழுது, சட்னி எல்லாமே விமானக் கணக்கில் திரவம். பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் வராது. பதிவுப் பெட்டியில் போடுங்கள், மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, நடுவில் துணி வைத்து. டுரியான் பழத்தை சிங்கப்பூரில் ரயிலிலும் விடுதியிலும் அனுமதிப்பதில்லை. வாங்கிய கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.